மொட்டைமாடியில் ஒரு காது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க சார், ஆனா எல்லாருக்கும் புரியணும், சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடணும்" என்று செயலாளர் மூன்று நிபந்தனை போட்டார். முதல் இரண்டையும் காப்பாற்றப் பார்க்கிறேன். மூன்றாவதுக்கு சமையல்காரர்தான் பொறுப்பு.

உங்களில் பலர் கைப்பேசியில் விமான வரைபடம் பார்த்திருப்பீர்கள். மகன் துபாயிலிருந்து வருகிறான், விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று அம்மாக்கள் மஞ்சள் விமானப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "அரசாங்க ரேடார்லேர்ந்துதான்" என்பார்கள். இல்லை. பெரும்பாலும் அது யாரோ ஒரு தனி மனிதர், தன் வீட்டு மொட்டைமாடியில், தன் சொந்தச் செலவில், தன் வீட்டுக் கரண்டில் வைத்திருக்கும் ஆன்டெனாவிலிருந்து வருகிறது. ஓய்வுபெற்ற வாத்தியார், கல்லூரி மாணவர், மளிகைக் கடைக்காரர் என்று உலகம் முழுக்கப் பல பத்தாயிரம் பேர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்போமே, அதுதான். தேர் எங்கே போகிறது, வடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் தேர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

இன்றைய பயணி விமானம் ஒவ்வொன்றிலும் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. "நான் இன்னார், இந்த இடத்தில், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்" என்று 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது சொல்லிக்கொண்டே போகும். யாரும் கேட்க வேண்டியதில்லை, தானாகவே சொல்லும். இருக்கும் இடத்தை ஒரு விநாடிக்கு இரண்டு முறை சொல்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஏ.டி.எஸ்.-பி. என்று பெயர். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான வான்வெளியில் பறக்க இது கட்டாயம். ஒரு செய்தி 112 பிட். 1 மைக்ரோ விநாடிக்கு 1 பிட். முன்னால் வரும் 8 மைக்ரோ விநாடி அழைப்பையும் சேர்த்து 120 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். இதில் பூட்டும் கிடையாது, ரகசியக் குறியீடும் கிடையாது. பக்கத்து விமானமும் கேட்க வேண்டும் என்பதற்காகவே திறந்து வைத்தது. அதனால் நாமும் கேட்கலாம்.

அந்த 112 பிட்டில் 24 பிட் விமானத்தின் அடையாள எண். அந்தந்த நாட்டுக்கு எண்கள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு 2,62,144 எண்கள். கடைசி 24 பிட் பிழை கண்டுபிடிக்க.

இடத்தைச் சொல்லும் விதம் கணிதத் துறைக்காரர்களுக்குப் பிடிக்கும். அட்சரேகைக்கு 17 பிட், தீர்க்கரேகைக்கு 17 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். முழு உலகத்தையும் சில மீட்டர் துல்லியத்தில் சொல்ல அது போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? நம் வீட்டுப் பெரியவர்கள் "நான் விரோதி வருஷம் பொறந்தவன்" என்பார்கள். பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷச் சுற்றில் அது எந்தச் சுற்று என்று தெரியாது. அதே ஆள் 59 வருஷத்துக்கு ஒரு முறை திரும்பும் இன்னொரு சுற்றிலும் தன் வருஷத்தைச் சொல்லிவிட்டால்? இரண்டையும் சேர்த்து ஒரே விடைக்கு வந்துவிடலாம். விமானமும் அப்படித்தான். பூமியை ஒரு செய்தியில் 60 பட்டைகளாகவும் அடுத்ததில் 59 பட்டைகளாகவும் பிரித்துக்கொண்டு, பட்டைக்குள் தான் எங்கே இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறது. இரட்டைச் செய்தி ஒன்று, ஒற்றைச் செய்தி ஒன்று கையில் வந்தால் இடம் கிடைத்துவிடும். 60, 59 என்ற எண்கள் நம் பஞ்சாங்கத்தோடு பொருந்தியது தற்செயல்தான். உடனே "அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்" என்று யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்!

இதைக் கேட்கும் கருவிகள் ஒரு காலத்தில் விலை அதிகம். 2012-இல்தான் நிலைமை மாறியது. கம்ப்யூட்டரில் செருகி டி.வி. பார்ப்பதற்காக ஒரு சின்ன டாங்கிள் விற்றார்களே, அதற்குள் இருந்த ரியல்டெக் சிப் வானொலி அலையை அப்படியே எண்களாக மாற்றி வெளியே கொடுக்கும் என்று சில ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். செய்த கம்பெனி விற்ற நோக்கம் வேறு, இவர்கள் பயன்படுத்தியது வேறு. அதே காலகட்டத்தில் சல்வடோரே சான்ஃபிலிப்போ என்ற இத்தாலியர், ரெடிஸ் என்ற மென்பொருளை எழுதியவர், இந்த டாங்கிளை வைத்து விமானச் செய்தியைப் பிரித்தெடுக்கும் நிரல் ஒன்றை எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டார். டம்ப்1090 என்று பெயர். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கம்ப்யூட்டரும் அந்த வருஷம்தான் வந்தது. ஆன்டெனாவுக்குக் கால் அலைநீளம், அதாவது கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் கம்பி போதும். எல்லாம் சேர்த்து ஒரு சுமாரான கைப்பேசி விலைக்குள் முடியும்.

ஒரு ஆன்டெனா எவ்வளவு தூரம் கேட்கும்? இந்த அலை நேர்கோட்டில்தான் போகும். பூமி வளைந்திருப்பதால் 35,000 அடியில் பறக்கும் விமானத்தை அதிகபட்சம் சுமார் 400 கிலோமீட்டர் வரை கேட்கலாம். தாழப் பறந்தால் தூரம் குறையும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு கரையிலும் ஆன்டெனா வைத்தாலும் நடுவில் 500 கிலோமீட்டர் கடல் காலி. வரைபடத்தில் அங்கே விமானம் நேர்கோட்டில் போவதுபோல் தெரிந்தால், அது பெரும்பாலும் கம்ப்யூட்டரின் ஊகம். 2019 முதல் இரிடியம் செயற்கைக்கோள்களில் வைத்த கருவிகள் கடலுக்கு மேலும் கேட்கின்றன. ஆனால் அது தன்னார்வலர் வேலை இல்லை, காசு கொடுத்து வாங்கும் சேவை.

பழைய டிரான்ஸ்பாண்டர் உள்ள விமானம் இடத்தைச் சொல்லாது, தன் எண்ணை மட்டும் சொல்லும். அதையும் பிடித்துவிடுகிறார்கள். நான்கு வீட்டு ஆன்டெனாக்கள் ஒரே செய்தியைக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் எந்த நொடியில் வந்தது என்ற வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இடம் வந்துவிடும். ஒரு மைக்ரோ விநாடி தப்பினால் 300 மீட்டர் தப்பும். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்கள் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒருத்தர் தனியாக எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் இதைச் செய்ய முடியாது.

வானத்தைச் சாதாரண ஜனங்கள் கூட்டாகக் கவனிப்பது புதிது இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கரையோர ரேடார்கள் கடலைப் பார்த்து நின்றன. எதிரி விமானம் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதற்குப் பிறகு தொலைநோக்கியும் டெலிபோனும் வைத்துக்கொண்டு குன்றுகளில் நின்ற அப்சர்வர் கோர் தொண்டர்கள்தான் கண். 1957-இல் ஸ்புட்னிக் பறந்தபோது, மூன்வாட்ச் என்ற அமெரிக்க ஏற்பாட்டில் பொழுதுபோக்காக வானம் பார்க்கிறவர்கள்தான் அதைத் தேடிக் குறித்துக் கொடுத்தார்கள்.

சரி, இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானம் ஒன்று பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் இறந்தார்கள். டிரான்ஸ்பாண்டர் சொல்லும் விஷயங்களில் விமானி தானியங்கிக் கருவியில் என்ன உயரம் வைத்திருக்கிறார் என்பதும் உண்டு. பதிவான செய்திகளைப் பிரித்துப் பார்த்தபோது 38,000 அடி என்று இருந்தது சில விநாடிக்குள் 100 அடிக்கும் கீழே மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. மலை மேல் 100 அடி என்று யாரும் தவறிப்போய் வைப்பதில்லை. பிறகு கறுப்புப் பெட்டியும் அதைத்தான் சொன்னது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014 மார்ச் 8 அதிகாலை 1:21-க்கு மலேசிய விமானம் எம்.எச். 370-இன் டிரான்ஸ்பாண்டர் நின்றது. தன்னார்வலர் வரைபடத்திலும் அது அங்கேயே மறைந்துவிட்டது. பிறகு அது திரும்பிப் போனதைக் கண்டது ராணுவ ரேடார், அதாவது அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கிற பழைய முறை. விமானம் வாயை மூடிக்கொண்டால் நம் காதால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது நம் நாட்டு விஷயம். இதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். கீழே விடுதிக் கட்டடத்தில் மருத்துவ மாணவர்கள் உட்பட 19 பேர் இறந்தார்கள். அன்று மத்தியானத்திலிருந்தே நம் எல்லார் வாட்ஸ்அப்பிலும் நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள். அவர்கள் காட்டிய ஆதாரம் இந்த வரைபடம்தான்.

முதல் கதை, "விமானம் ஓடுபாதையின் நடுவிலிருந்தே கிளம்பிவிட்டது, அதனால்தான் விழுந்தது" என்பது. முதலில் வந்த தகவலில் அப்படித்தான் தெரிந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். தரையில் இருக்கும் விமானத்தை எல்லா ஆன்டெனாவும் கேட்காது, கட்டடம் மறைக்கும். பிறகு ஃபிளைட்ரேடார்24 நிறுவனம் பல ஆன்டெனாக்களின் மூலப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, விமானம் ஓடுபாதையின் கோடி வரை போய்த் திரும்பி, முழு 3,500 மீட்டரையும் பயன்படுத்தியே கிளம்பியது என்று திருத்திச் சொன்னது. திருத்தம் எத்தனை பேருக்கு ஃபார்வர்டு ஆகியிருக்கும்?

இரண்டாவது, "625 அடி உயரம் போய் விழுந்தது." பத்திரிகைகளே எழுதின. கடைசியாக வந்த செய்தியில் 625 என்ற எண் இருந்தது உண்மை. ஆனால் அது தரையிலிருந்து உயரம் இல்லை. காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு சொல்லும் உயரம். அகமதாபாத் விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 190 அடி. அன்று ஜூன் வெயிலில் காற்றழுத்தம் குறைவு. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 28 அடி கணக்கில் கழித்துக்கொண்டே வந்தால், அந்தக் கடைசிச் செய்தி வந்தபோது விமானம் தரைக்கு மேல் 100 அடிகூட இல்லை. பிளஸ் டூ இயற்பியல்தான் இது. தம்பி தங்கைகள் வகுப்பில் ஒரு பீரியடில் போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் ஜூலையில் வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கை, கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு எஞ்சினுக்கும் எரிபொருள் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக 'கட்-ஆஃப்' நிலைக்குப் போனதைக் கறுப்புப் பெட்டியிலிருந்து எடுத்துச் சொன்னது. அது உலகத்தில் உள்ள எந்த மொட்டைமாடி ஆன்டெனாவுக்கும் தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் விமானம் அதை ஒலிபரப்புவதே கிடையாது. துக்கத்தில் இருக்கிற குடும்பங்களுக்கும் அந்த ஃபார்வர்டுகள் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மூலப் பதிவைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இன்னும் நூறு பேர் இருந்திருந்தால், அன்று சாயங்காலமே நாலு இடத்தில் "அப்படி இல்லீங்க" என்று சொல்ல ஆள் இருந்திருக்கும்.

அடுத்து, வடம் யார் கையில் என்ற விஷயம். 2016-இல் ஏ.டி.எஸ்.-பி. எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று அமெரிக்காவில் ஆரம்பித்தது. மற்ற கம்பெனிகள் சில முதலாளிகளின் ஜெட்டுகளையும் ராணுவ விமானங்களையும் கேட்டுக்கொண்டால் மறைத்துவிடும். இவர்கள் எதையும் மறைப்பதில்லை என்றார்கள். அதற்காகவே உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் இவர்களுக்குத் தகவல் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் அதை ஜெட்நெட் என்ற வியாபார நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் சோறு போட்டவர்கள் ஆயிரம் பேர், பந்தியை விற்றவர் ஒருவர் என்றால் மனசு கேட்குமா? பலர் அன்றே வயரைப் பிடுங்கினார்கள். கொஞ்ச நாளில் ஏர்பிளேன்ஸ் லைவ் போன்ற புதிய கூட்டங்கள் கிளம்பின. இதற்கு மாறாக ஓப்பன்ஸ்கை என்று ஒன்று இருக்கிறது. 2012-இல் சுவிஸ் ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பும், ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆரம்பித்தது. லாப நோக்கமில்லாத சங்கம், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மூலப் பதிவையே கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் நம் மாதிரிக் கல்லூரிக்கு அதுதான் பொருத்தம்.

அந்தரங்கம் என்ன ஆவது என்று நியாயமான கேள்வி உண்டு. ஈலான் மஸ்க்கின் ஜெட் எங்கே போகிறது என்று ஒரு கல்லூரி மாணவர் தொடர்ந்து வெளியிட்டு வந்தார். 2022 டிசம்பரில் அந்தக் கணக்கை ட்விட்டர் முடக்கியது. 2024-இல் வந்த அமெரிக்கச் சட்டம், தனியார் விமான உரிமையாளர்கள் தங்கள் பெயர், முகவரியை அரசுப் பதிவேட்டிலிருந்து மறைக்கக் கேட்கலாம் என்கிறது. பெயரை மறைக்கலாம், அலையை மறைக்க முடியாது. இதே தகவலை வைத்துத்தான் 2016-இல் பஸ்ஃபீட் நிருபர்கள் எஃப்.பி.ஐ. உளவு விமானங்கள் அமெரிக்க நகரங்களுக்கு மேல் வட்டமடிப்பதை வரைபடமாகப் போட்டார்கள். பணக்காரரின் பயணத்தை வேடிக்கை பார்ப்பதும் அரசு என்ன செய்கிறது என்று கேட்பதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை. ஆனால் ஆன்டெனாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, வெளியிடுகிறவருக்குத்தான் தெரிய வேண்டும்.

இப்போது நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் அறிவியல் கட்டடத்து மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா வைக்க வேண்டும். கருவி முழுவதும் எங்கள் செட்டு வாங்கித் தருகிறது, நேற்று ராத்திரி விடுதி வராந்தாவில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம். இரண்டு நிபந்தனை. மூலப் பதிவின் ஒரு பிரதி கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்க வேண்டும், எந்த நிறுவனம் எப்போது கைமாறினாலும் நம்முடையது நம்மிடம் இருக்கட்டும். ராணுவ விமானம் எது வந்தாலும் அதைப் படம் பிடித்துப் போட்டு லைக் வாங்குகிற வேலை கூடாது.

முதல்வர் ஐயா கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. நம் நாட்டில் வயர்லெஸ் கருவிகளுக்கு உரிமச் சட்டங்கள் உண்டு. 2010-இல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதியில் தங்கி விமானங்களைக் கவனித்துக் குறித்துக்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்களைப் போலீஸ் பிடித்து, வழக்கு நடந்து, அபராதம் கட்டித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பல வருஷம் முன்னால், 2001-இல் கிரீஸில் 12 பிரிட்டிஷாரும் 2 டச்சுக்காரர்களும் இதே மாதிரி மாட்டினார்கள். ஆகவே மாணவர்கள் தனித்தனியாக வீட்டில் எதையாவது செருகிக்கொண்டு உட்கார வேண்டாம். கல்லூரி லெட்டர்ஹெட்டில் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு ஆரம்பிப்போம். ஹாம் உரிமம் வைத்திருக்கும் நம் பழைய மாணவர்கள் இரண்டு பேர் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் வழிகாட்டுவார்கள்.

படிக்க விரும்புகிற தம்பி தங்கைகளுக்கு: நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து ஜுன்சி சுன் என்பவர் 'தி 1090 மெகாஹெர்ட்ஸ் ரிடில்' என்று ஒரு புத்தகம் எழுதி இலவசமாகவே வைத்திருக்கிறார். ஒவ்வொரு பிட்டும் எதைச் சொல்கிறது என்று அதில் இருக்கிறது. அதைப் படித்து, டம்ப்1090 பார்க்காமல் நீங்களே ஒரு நிரல் எழுதிப் பாருங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்பு வேண்டுமென்றால், ஜி.பி.எஸ். குழப்பம் இருக்கிறது. விமானம் தன் இடம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் செய்தியிலேயே சொல்கிறது. அந்த எண் திடீரென்று கெட்டால் அந்தப் பகுதியில் யாரோ ஜி.பி.எஸ்.ஸைக் குலைக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். 2022-இல் ஜான் வைஸ்மன் என்பவர் தன்னார்வலர் பதிவுகளை வைத்தே இதற்கு உலக வரைபடம் போட்டுவிட்டார். 2024 டிசம்பர் 25 அன்று கஜகஸ்தானின் அக்டாவ் அருகே விழுந்த அஜர்பைஜான் விமானத்தின் பதிவுகளிலும் அந்தக் குழப்பம் தெரிந்தது.

மழைக்காலம் வருவதற்குள் கேபிளை இழுத்துவிட வேண்டும். இடிதாங்கி கட்டாயம் வேண்டும், அந்தக் கட்டடத்தில் முன்பு ஒரு முறை இடி விழுந்தது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். மொட்டைமாடிச் சாவி இயற்பியல் துறை அட்டெண்டரிடம் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். வாரம் ஒரு முறை மேலே ஏறிப் பார்க்க இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாலு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தலில் என்னைப் பிடிக்கலாம்.

பாயசம் தயார் என்று செயலாளர் கையைக் காட்டுகிறார்.